பெட்டிக்கடையிலிருந்து அணுக்கரு வரை: பேராசிரியர் மேகநாத சாகா

முன்னுரை

இரவு வானில் பூத்துச் சிதறும் வாணவேடிக்கையைக் கண்டு மகிழாதார் இலர். அந்த வண்ணங்கள் பிறக்கும் மண்ணில் வாழும் நமக்கோ அவற்றின் உட்பொருளும் ஓரளவு தெரியும். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, மஞ்சளுக்குச் சோடியம் உப்பு, நீலத்துக்குச் செம்பு உப்பு. பச்சைக்குப் பேரியம் உப்பு பயன்பட்டு வந்தது; 2018-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பட்டாசுத் தொழிலோடு சிறிது தொடர்புடையவரும் இவற்றை அறிவர். ஒவ்வொரு தனிமமும் சூடேறி ஒளிரும்போது தனக்கே உரிய நிறத்தை வீசுகிறது. அந்நிறத்தை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தால் கோடு கோடாகத் தோன்றும் நிறமாலை, அத்தனிமத்தின் கையெழுத்து எனலாம்.

விண்மீன்களும் இப்படித்தான் தத்தம் கையெழுத்தை நமக்கு அனுப்புகின்றன. ஆனால் அதைப் படித்துப் பொருள் சொல்லும் இலக்கணம் 1920 வரை எவருக்கும் கைகூடவில்லை. அந்த இலக்கணத்தை வகுத்தவர் நம் நாட்டவர். ஒரு குக்கிராமத்துப் பெட்டிக்கடைக்காரரின் மகன். உண்ணவும் உறங்கவும் பிறர் வீட்டில் இடம் தேடிப் படித்தவர். அவரே பேராசிரியர் மேகநாத சாகா. விண்மீன் ஆராய்ச்சியில் உலகப் புகழ் எய்திய பின்னர் அவர் ஓய்ந்திருக்கவில்லை. அணுவின் உள்ளே ஒளிந்திருக்கும் அணுக்கருவை ஆராயும் கருவி இந்திய மாணவர்களின் கைக்கு எட்டவேண்டும் என்று வாழ்வின் பிற்பகுதி முழுவதும் பாடுபட்டார். அந்த வாழ்வின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் வறுமையும்

இன்று வங்காளதேசத்தில் உள்ள டாக்கா நகருக்கு அருகே சியோராதலி என்பது ஒரு சிற்றூர். மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்ந்தால் படகிலன்றிப் போக்குவரத்து இல்லாத ஊர். அங்கே 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் ஜகந்நாத சாகா, புவனேஸ்வரி தேவி தம்பதிக்கு ஐந்தாவது குழந்தையாக மேகநாதர் பிறந்தார். வீட்டில் குழந்தைகள் எட்டுப் பேர். தந்தையார் நடத்திய சிறிய மளிகைக் கடையே குடும்பத்தின் வருவாய்க்கு வழி. மகன் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டால் கடையில் உட்காரவைத்துவிடலாம் என்பதுதான் தந்தையின் எண்ணமாக இருந்தது.

ஆனால் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்ட ஆசிரியர்கள் அவனை மேலே படிக்கவைக்கும்படி வற்புறுத்தினர். உள்ளூரில் தொடக்கப் பள்ளிக்கு மேல் இல்லை. நடுநிலைப் பள்ளி இருந்ததோ ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சிமுலியாவில். அன்றாடம் நடந்து போய்வர இயலாது. விடுதியில் சேர்க்கப் பணம் கிடையாது. சணல் ஆலையில் வேலை பார்த்த மூத்த தமையனார் ஜெயநாதர் தம்பிக்காக அலைந்து ஒரு வழி கண்டார். சிமுலியாவில் வாழ்ந்த அனந்தகுமார தாஸ் என்னும் மருத்துவர் தம் வீட்டிலேயே சிறுவனுக்கு உணவும் இடமும் தர முன்வந்தார். உண்ட பாத்திரத்தைத் தானே கழுவிக்கொள்வதும் வீட்டுப் பசுவைக் கவனித்துக்கொள்வதும் சிறுவனின் கடமை. மேகநாதர் அக்கடமையை வழுவாது செய்தார். மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறி உதவித்தொகையும் பெற்றார்.

அவ்வுதவித்தொகையின் துணையோடு 1905-இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அந்த ஆண்டுதான் வங்கப் பிரிவினை நிகழ்ந்தது. நாடெங்கும் கொந்தளிப்பு. ஆளுநர் பாம்பில்டு புல்லர் பள்ளிக்கு வருகை தந்தபோது மாணவர்கள் பலர் புறக்கணித்தனர். மேகநாதரும் அவர்களுள் ஒருவர். விளைவு? பள்ளியிலிருந்து நீங்கவேண்டியதாயிற்று, உதவித்தொகையும் பறிபோயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அது பேரிடிதான். எனினும் கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவருக்குக் கதவு திறந்தது. 1909-இல் நடந்த நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்கத்திலேயே முதல்வராக வெற்றி பெற்றார்.

கல்கத்தாவின் அரவணைப்பும் புறக்கணிப்பும்

டாக்கா கல்லூரியில் இடைநிலைப் படிப்பை முடித்து, 1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டுமே நம் கல்லூரியைப் போல அரசு நடத்திய கல்லூரிகள் என்பதை நாம் நினைவிற் கொள்ளலாம். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும். உடன் பயின்றவர் சத்தியேந்திர நாத போஸ். இத்தகைய குருமார்களும் தோழரும் ஒருங்கே அமைவது அரிது.

ஆனால் வகுப்பறை தந்த மதிப்பை விடுதி தரவில்லை. தாழ்ந்த சாதியினர் என்று கருதப்பட்டமையால், உணவுக்கூடத்தில் அவரோடு சமமாக அமர்ந்து உண்ண உயர்சாதி மாணவர் சிலர் மறுத்தனர். சரசுவதி பூசையிலும் அவரை ஒதுக்கிவைத்தனர். கல்வித் தெய்வத்தின் சன்னிதியிலேயே ஒரு சிறந்த மாணவன் ஒதுங்கி நிற்க நேர்ந்த கொடுமை இது! இந்தக் காயம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிறப்பால் எவரும் அறிவுக்கு அயலார் ஆகார் என்னும் உறுதியை அது அவரிடம் வளர்த்தது.

1913-இல் இளநிலைப் பட்டமும், 1915-இல் பயன்முறைக் கணிதத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். இரு தேர்விலும் சத்தியேந்திர போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுதிக் குடும்பத்தின் வறுமையைத் தீர்க்க எண்ணினார். புரட்சியாளர்களோடு தொடர்புடையவர் என்னும் ஐயத்தால் ஆங்கில அரசு அனுமதி மறுத்துவிட்டது. மிதிவண்டியில் நகரின் பல பகுதிகளுக்கும் சென்று பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அரசு அலுவலில் சேர்ந்திருந்தால் ஒரு நல்ல கணக்கு அதிகாரி கிடைத்திருப்பார். அரசின் ஐயம் நாட்டுக்கு ஒரு விஞ்ஞானியைத் தந்தது.

விண்மீன்களின் கையெழுத்து

துணைவேந்தராக விளங்கிய சர் அசுதோஷ் முகர்ஜி கல்கத்தாவில் அறிவியல் கல்லூரி ஒன்றை நிறுவியிருந்தார். 1916-இல் சாகாவையும் போசையும் அங்கே விரிவுரையாளர்களாக அமர்த்தினார். இருவரும் கணிதம் படித்தவர்கள். பின்னர் இயற்பியல் துறைக்கு வந்து, தாம் முறையாகப் பயிலாத புதிய இயற்பியலைத் தாமே கற்றுக் கற்பிக்க வேண்டியதாயிற்று. போர்க்காலம் ஆகையால் ஐரோப்பிய நூல்கள் கிடைப்பது அருமை. கல்லூரி நாளில் கற்ற ஜெர்மன் மொழி சாகாவுக்குக் கைகொடுத்தது. ஐன்ஸ்டீன், மின்கௌஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளைச் சாகாவும் போசும் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து நூலாக்கினர்.

வகுப்பில் வெப்ப இயக்கவியலும் நிறமாலையியலும் நடத்தியபோதுதான் அவருடைய பெருங்கண்டுபிடிப்புக்கு விதை விழுந்தது. அக்காலத்தில் வானியலார் ஒரு புதிருக்கு விடை காணாது தவித்தனர். வெவ்வேறு விண்மீன்களின் நிறமாலையில் வெவ்வேறு கோடுகள் தென்படுகின்றன. அப்படியானால் ஒவ்வொரு விண்மீனும் வெவ்வேறு பொருளால் ஆனதா? சூரியனில் ருபீடியம், சீசியம் போன்ற தனிமங்களின் கோடுகளைக் காணோமே, அவை அங்கே இல்லையா?

சாகாவின் விடை எளிமையும் ஆழமும் வாய்ந்தது. ஓர் அணுவைச் சூடேற்றினால் அது முதலில் ஒளிர்கிறது. மேலும் சூடேற்றினால் தன் மின்னணுக்களுள் ஒன்றை இழந்து அயனியாகிறது. அயனியானதும் அதன் கையெழுத்தே மாறிவிடுகிறது. குறிப்பிட்ட வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் நூற்றுக்கு எத்தனை அணுக்கள் அயனியாகியிருக்கும் என்பதைக் கணக்கிட அவர் ஒரு சமன்பாட்டை வகுத்தார். 1920-இல் சூரியனின் நிற மண்டலத்தில் அயனியாதல் பற்றிய அவருடைய கட்டுரை வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அதன்படி, விண்மீன்களின் நிறமாலை வேறுபாட்டுக்கு முதற்காரணம் பொருளின் வேறுபாடு அன்று, வெப்பநிலையின் வேறுபாடு. சூரியனில் ருபீடியம் உண்டு. ஆனால் அங்குள்ள வெப்பத்தில் அது அயனியாகி மறைந்து நிற்கிறது. வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் தேடினால் அது தென்படவேண்டும் என்று சாகா கணித்தார். அமெரிக்க வானியலார் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் தேடினார், ருபீடியம் தென்பட்டது. 1925-இல் சிசிலியா பெய்ன் என்னும் அம்மையார் இதே சமன்பாட்டைக் கொண்டு விண்மீன்களில் மிகுதியாக உள்ளவை ஹைட்ரஜனும் ஹீலியமுமே என்று காட்டினார். நம் நாட்டு வகுப்பறை ஒன்றில் முளைத்த எண்ணம் வானியலையே மாற்றியமைத்தது.

கருவி இன்றித் தவித்த கைகள்

உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்ற சாகா, லண்டனில் ஆல்பிரட் பௌலரின் ஆய்வுக்கூடத்திலும், தம் கொள்கையைச் சோதனையால் நிறுவும் நோக்கோடு பெர்லினில் நெர்ன்ஸ்டின் ஆய்வுக்கூடத்திலும் பணிபுரிந்தார். கொள்கை தாளில் பிறக்கலாம். அது நிலைபெறுவது சோதனைச் சாலையில்தான் என்னும் பாடத்தை அங்கே உணர்ந்தார்.

நாடு திரும்பியதும் அந்தப் பாடம் கசப்பாக மாறியது. 1921-இல் கல்கத்தாவில் பேராசிரியரானார். சோதனை செய்யக் கருவிகள் இல்லை. 1923-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கும் தேவையான பணம் எளிதில் கிட்டவில்லை. கற்பிக்கும் சுமையோ ஏராளம். அவர் காட்டிய வழியில் வசதி மிக்க மேலை நாட்டு ஆய்வுக்கூடங்கள் விரைந்து முன்னேறின. வழி காட்டியவர் கருவிக்காகக் காத்திருந்தார். 1927-இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அப்பரிசு அவருக்குக் கிட்டவில்லை.

மனம் தளர்ந்தாரா? இல்லை. பதினைந்து ஆண்டுகள் அலகாபாத்தில் ஒரு சிறந்த இயற்பியல் பள்ளியை உருவாக்கினார். ஸ்ரீவாஸ்தவாவோடு சேர்ந்து அவர் எழுதிய வெப்பவியல் பாடநூல் இந்தியக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டது. 1935-இல் அறிவியலையும் சமுதாயத்தையும் இணைத்துப் பேசும் திங்களிதழ் ஒன்றைத் தொடங்கினார். அவர் அலகாபாத்தை விட்டு நீங்கிய சில ஆண்டுகளுக்குப் பின், 1942-இல், அங்கே இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தவர் நம் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி.

அணுக்கருவின் அழைப்பு

இதற்கிடையே இயற்பியலின் கவனம் அணுவிலிருந்து அதன் கருவுக்குத் திரும்பியிருந்தது. 1911-இல் ரூதர்போர்டு அணுக்கருவைக் கண்டறிந்தார். ரேடியம் போன்ற பொருள்கள் இயற்கையாக வீசும் ஆல்பாத் துகள்களை மெல்லிய பொன் தகட்டின்மேல் மோதவிட்டபோது சில துகள்கள் பின்னோக்கித் திரும்பியதே அதற்குச் சான்று. ஆனால் இயற்கை தரும் துகள்களின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அணுக்கரு நேர்மின்சுமை உடையது. அதை நெருங்கும் துகளும் நேர்மின்சுமை உடையது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தடையைத் தாண்டிக் கருவுக்குள் நுழையப் பெருவேகம் வேண்டும்.

அவ்வேகத்தைத் தரும் இயந்திரமே சைக்ளோட்ரான். அமெரிக்காவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் 1931-இல் அதன் முதல் வடிவத்தை உருவாக்கிக் காட்டினார். அதன் தத்துவத்தை விளங்கிக்கொள்வது கடினம் அன்று. ஊஞ்சல் நம்மிடம் வரும் ஒவ்வொரு முறையும் சரியான கணத்தில் ஒரு சிறு தள்ளு கொடுத்தால் அது மேலும் மேலும் உயரப் போகிறதல்லவா? அதுபோல, காந்தப் புலத்தால் வட்டமாகச் சுழலும் அயனிக்கு ஒவ்வொரு அரைச்சுற்றிலும் மின்னழுத்தத்தால் ஒரு தள்ளு. தள்ளுக்குத் தள்ளு வேகம் கூடும். வேகம் கூடக் கூட வட்டமும் விரியும். நம் ஊர்ச் சங்குசக்கரம் சுழலும்போது பொறிகள் சுருள் சுருளாக வெளியே விரிவதைப் போல அயனியும் சுருள் பாதையில் விரிந்து, இறுதியில் கற்றையாக வெளியேறி இலக்கைத் தாக்கும்.

அயனிகளின் இலக்கணம் வகுத்தவரை அயனிகளை ஓடவிடும் இயந்திரம் கவர்ந்ததில் வியப்பில்லை. 1938-இல் கல்கத்தாவுக்குப் பாலித் பேராசிரியராகத் திரும்பினார் சாகா. அவ்வாண்டின் இறுதியில் ஜெர்மனியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின் கரு பிளவுபடுவதைக் கண்டறிந்தனர். வருங்காலம் எத்திசையில் செல்லும் என்பதைச் சாகா உடனே உணர்ந்தார். 1940-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை இயற்பியல் பாடத்திட்டத்தில் அணுக்கரு இயற்பியலைச் சேர்த்தார். அணுகுண்டை உலகம் காணாத காலத்திலேயே இந்திய மாணவன் அணுக்கருவைப் பாடமாகப் படிக்கத் தொடங்கிவிட்டான்.

கடலில் மூழ்கிய கனவு

பாடம் மட்டும் போதாது, கருவியும் வேண்டும் என்பதை அலகாபாத் அனுபவம் அவருக்குக் கற்றுத் தந்திருந்தது. தம் மாணவர் பசந்தி துலால் நாக் சௌத்ரியைப் பெர்க்லிக்கு, லாரன்சிடமே அனுப்பி அத்தொழில் நுட்பத்தைக் கற்றுவரச் செய்தார். நேருவின் ஆதரவோடு டாட்டா அறக்கட்டளை 60,000 ரூபாய் வழங்கியது. காந்தத்துக்கான பாகங்களும் பிற உறுப்புகளும் அமெரிக்காவில் வாங்கப்பட்டன.

ஆனால் உலகப் போர் குறுக்கே நின்றது. 1941-இல் நாக் சௌத்ரி திரும்பினார். பாகங்களில் ஒரு பகுதி வந்து சேர்ந்தது. வெற்றிடப் பம்புகள் முதலிய இன்றியமையாத உறுப்புகளை ஏற்றிவந்த கப்பல் போரில் தாக்குண்டு கடலில் மூழ்கிவிட்டது. வெற்றிடம் இல்லையேல் அயனி ஓரடியும் ஓடாது. காற்றில் உள்ள அணுக்களோடு மோதி வழியிலேயே நின்றுவிடும். காந்தம் கரையில், பம்பு கடலில்! சிறுவயதில் உதவித்தொகை பறிபோனபோது தளராத உள்ளம் இப்போதும் தளரவில்லை. பம்புகளை உள்நாட்டிலேயே செய்து பார்க்க முயன்றனர். வேறு எவரும் கட்டிப் பார்க்காத ஒன்றைக் கட்டுவதால் ஒவ்வொரு சிறு உறுப்புக்கும் பட்டறையையும் பயிற்சியையும் தாமே உண்டாக்க வேண்டியிருந்தது. ஆண்டுகள் உருண்டோடின.

கருவிக்காகக் காத்திருந்த காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. அவருடைய துறையில் பேராசிரியர் நீரஜ்நாத் தாஸ்குப்தா இந்தியாவின் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினார். 1948-இல் அணுக்கரு இயற்பியல் கழகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் மேரி கியூரியின் மகளாரும் நோபல் பரிசு பெற்றவருமான ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார் அதைத் திறந்துவைத்தார். சியோராதலியின் பெட்டிக்கடையிலிருந்து புறப்பட்ட பயணம் எத்துணைத் தொலைவு வந்துவிட்டது!

பல்கலைக்கழகமா, தலைமைச் செயலகமா?

அறிவியலை எங்கே வளர்ப்பது என்பதில் அந்நாளில் ஒரு பெரிய கருத்து வேற்றுமை எழுந்தது. நாடு விடுதலை பெற்றதும் அணுசக்தியை அரசின் நேரடிப் பொறுப்பில் ஒரே இடத்தில் குவித்து வளர்க்கவேண்டும் என்பது டாக்டர் ஹோமி பாபாவின் திட்டம். 1948-இல் அணுசக்தி ஆணைக்குழு அமைந்தது. பாபா தலைவர், சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் நம் கே. எஸ். கிருஷ்ணனும் உறுப்பினர்கள்.

சாகாவின் கருத்து வேறு. முதலில் பல்கலைக்கழகங்களில் அணுக்கரு இயற்பியல் பரவவேண்டும். பயிற்சி பெற்ற இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் உருவாகவேண்டும். நாட்டின் தொழில் வளம் அதற்கு ஈடுகொடுக்கும் நிலை எய்தவேண்டும். அதன்பின் ஆணைக்குழு அமைக்கலாம் என்றார் அவர். ஆராய்ச்சியை மூடிய கதவுக்குள் இரகசியமாக நடத்துவதையும் அவர் எதிர்த்தார். வேர் கல்லூரிகளில் இருக்க, நீரைக் கிளைக்கு மட்டும் ஊற்றலாகாது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இருவருள் யார் சொன்னது சரி? ஒருவரைப் போற்ற மற்றவரைத் தூற்றவேண்டியதில்லை. பாபாவின் திட்டத்தால் அணு உலைகளும் ஆயிரக்கணக்கான வல்லுநர்களும் நாட்டுக்குக் கிடைத்தனர். ஆனால் சாகா அஞ்சியதும் பொய்க்கவில்லை. பணமும் கருவியும் பெரிய நிறுவனங்களில் குவிந்தன. நெடுங்காலம் பல்கலைக்கழக மாணவனுக்கு அணுக்கரு இயற்பியல் பெரும்பாலும் கரும்பலகைப் பாடமாகவே இருந்தது. அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியரும் அதைப் புத்தகத்தில் மட்டுமே கண்டவராக இருப்பின், கேட்கும் மாணவனின் ஆர்வம் எவ்வாறு கொழுந்துவிடும்?

மக்கள் மன்றத்தில்

ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கியவர் அல்லர் சாகா. வெள்ளம் சூழ்ந்த ஊரில் பிறந்த அவர், ஆறுகளைக் கட்டுப்படுத்துவது குறித்து விடாது எழுதினார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருவாக அவருடைய எழுத்தும் காரணமாயிற்று. 1938-இல் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவில் பங்கேற்றார். நாட்டுப் பிரிவினையால் அகதிகளாக வந்தோரின் துயர்தீர்க்கப் பாடுபட்டார். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்று மக்களவைக்குத் தேர்வானார். 1954-இல் அணுசக்தியின் அமைதிப் பயன்கள் குறித்து மக்களவையில் நடந்த விவாதத்தில் தம் கருத்தை அஞ்சாது எடுத்துரைத்தார். பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அக்குழுவின் பரிந்துரைப்படி அமைந்த சக ஆண்டு நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நாட்டின் அதிகாரபூர்வ நாட்காட்டியாயிற்று.

அதைக் காண அவர் இல்லை. 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் புதுதில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் மறைந்தார். வயது அறுபத்திரண்டு. அவர் கனவு கண்ட சைக்ளோட்ரான் அதுவரை முழுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. நாக் சௌத்ரி கழகத்தின் பொறுப்பை ஏற்றார். நிறுவியவரின் நினைவாக அக்கழகம் சாகா அணுக்கரு இயற்பியல் கழகம் என்று பெயர் பெற்றது.

விதைத்தது வீண்போகவில்லை

நட்டவர் உண்ணாத கனியை நாடு உண்கிறது. கல்கத்தாவின் உப்பு ஏரிப் பகுதியில் அமைந்த பெரிய சைக்ளோட்ரான் 1977 ஜூன் 16-இல் முதல் கற்றையைத் தந்தது. சாகாவின் பெயர் தாங்கிய கழகமும் அதன் அருகிலேயே இயங்குகிறது. 1988 இறுதியில் மும்பையில் பெல்லட்ரான் என்னும் வேறுவகை முடுக்கி இயங்கத் தொடங்கியது.

இவற்றினும் சாகாவின் உள்ளத்துக்கு நெருக்கமானது தில்லியில் நிகழ்ந்தது. பல்கலைக்கழக மானியக்குழு 1984-இல் அங்கே அணு அறிவியல் மையத்தை நிறுவியது. நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரும் தம் ஆய்வுத் திட்டத்தை எழுதியனுப்பி, அது தக்கதெனத் தேர்வானால், அங்குச் சென்று சோதனை நடத்தலாம். 1991 முதல் அங்குள்ள 15 மில்லியன் வோல்ட் பெல்லட்ரான் இயங்கிவருகிறது. 2005-இல் அம்மையம் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் என்று பெயர் மாற்றம் பெற்றது. ஒரு பல்கலைக்கழகத்தால் தனித்துத் தாங்கமுடியாத கருவியை அனைவர்க்கும் பொதுவாக்கிய ஏற்பாடு இது.

அங்கே நடப்பது என்ன? கார்பன், ஆக்சிஜன், சிலிக்கன் போன்ற தனிமங்களின் அயனிகளை எடுத்துக்கொள்கிறார்கள். புரோட்டானையும் ஆல்பாவையும்விடக் கனமானவை ஆதலால் இவை கன அயனிகள் எனப்படும். முதலில் அணுவுக்கு ஒரு மின்னணுவைக் கூடுதலாகச் சேர்த்து எதிர்மின் அயனியாக்குகிறார்கள். அது உயர்ந்த நேர்மின்னழுத்தத்தை நோக்கி ஈர்க்கப்பட்டுப் பாய்கிறது. அங்கே மிக மெல்லிய கார்பன் படலத்தை ஊடுருவும்போது மின்னணுக்கள் பலவற்றை இழந்து நேர்மின் அயனியாகிறது. உடனே, ஈர்த்த அதே மின்னழுத்தம் இப்போது அதைத் தள்ளுகிறது. ஒரே மின்னழுத்தத்தால் இருமுறை வேகம்!

அவ்வாறு விரையும் கன அயனி இலக்கில் உள்ள கருவோடு மோதி ஒன்றிக் கலந்தால், புதியதொரு கரு பிறக்கிறது. அது கொதிநிலையில் இருக்கும். நேர் மையத்தில் மோதாமல் சற்றே விலகி மோதியிருந்தால் பம்பரம்போல் சுழலவும் செய்யும். முதலில் நியூட்ரான் போன்ற துகள்களை உதறிச் சூடு தணிகிறது. பின்னர்ப் படிப்படியாகச் சுழற்சி குறையும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு காமாக் கதிரை வீசுகிறது. திரவ நைட்ரஜனால் குளிரூட்டப்பட்ட ஜெர்மானியம் உணர்கருவிகள் இலக்கைச் சூழ்ந்து நின்று அக்கதிர்களின் ஆற்றலை அளக்கின்றன. கோடு கோடாக ஒரு நிறமாலை கிடைக்கிறது. கோடுகளின் இடைவெளி ஒழுங்காக இருந்தால் கரு முட்டை வடிவில் நீண்டு சுழல்கிறது எனலாம்; ஒழுங்கு மாறினால் உருண்டை வடிவமோ வேறு அமைப்போ என்று ஆராயலாம். இதற்கென இருபத்துநான்கு கூட்டு உணர்கருவிகள் வரை பொருத்தத்தக்க இந்தியத் தேசிய காமா அணியை மும்பை, தில்லி, கல்கத்தா ஆகிய மூன்று முடுக்கி நிலையங்களும் பல பல்கலைக்கழகங்களும் கூடி அமைத்தன. ஊர் ஊராகச் செல்லும் தேர்போல அது மூன்று நிலையங்களிலும் மாறிமாறி நிறுத்தப்பட்டு வந்துள்ளது.

மத்தாப்பின் நிறம் தனிமத்தின் கையெழுத்து. விண்மீனின் நிறமாலை அதன் வெப்பத்தின் கையெழுத்து. காமாக் கதிரின் கோடுகளோ அணுக்கருவின் உருவத்தைக் காட்டும் கையெழுத்து. இளமையில் முதலிரண்டையும் இணைத்த சாகா, முதுமையில் மூன்றாவதற்கு நாட்டைத் தயார் செய்தார். அவர் வாழ்வின் இரு பகுதிகளும் வேறுவேறு அல்ல என்பது இப்போது விளங்கும்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! சாகாவின் வரலாற்றை ஏழை மாணவன் முன்னேறிய கதையாக மட்டும் படித்து மூடிவிடலாகாது. அப்படிப் பார்த்தால் அவர் 1927-லேயே வெற்றி பெற்றுவிட்டார். அதற்குமேல் அவர் உழைத்தது தமக்காக அன்று. தமக்குக் கிடைக்காத கருவி தமக்குப் பின்வரும் மாணவனுக்குக் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே கப்பலோடு மூழ்கிய கனவை மீண்டும் கரையேற்றினார். அதிகாரத்தில் இருந்தோரோடு மாறுபட்டார். முடிவைக் காணாமலே மறைந்தார்.

நம்மில் பலர் தீப்பெட்டி ஒட்டியும், பட்டாசுக்குத் திரி வைத்தும், அச்சகத்தில் தாள் அடுக்கியும் பிழைக்கும் குடும்பங்களிலிருந்து இக்கல்லூரிக்கு வந்துள்ளோம். சோதனைச் சாலையில் நிறமாலைமானியின் முன் அமரும்போது, மதிப்பெண்ணுக்காகக் கோணத்தைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடாமல், அந்தக் கோடு ஏன் அங்கே தோன்றுகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அந்தக் கேள்வியை வகுப்பில் ஆசிரியரிடம் கேட்போம். விடை தெரியாவிடில், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தேடுவோம். தாம் பயிலாத பாடத்தைத் தாமே கற்றுக் கற்பித்த ஓர் இளம் விரிவுரையாளரின் வகுப்பில்தான் சாகாவின் சமன்பாடு பிறந்தது. அத்தகைய வகுப்பு எந்த ஊர்க் கல்லூரியிலும் நடக்கலாம். நம் கல்லூரியிலும் நடக்கவேண்டும்.